நான் அடித்த கோயில் மணி

பொதுவாக மனிதர்கள் முட்டாள்தனம் செய்யும்போது நாலு பேருக்குத் தெரியாமல் செய்வார்கள். நான் கோயில் மணியை அடித்து, ஏறக்குறைய நூறு பேரைக் கூட்டி, எல்லோரையும் பின்னால் வரச் சொல்லி, முன்னால் விசில் ஊதிக்கொண்டு ஓடிப்போய்ச் செய்தேன். ஆகவே மறைக்க வழியில்லை. ஏற்காட்டில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கொஞ்சம் வயதான யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர்கள் கை கால் ஒட்டவைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. கிளியூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. (ரைட்டர் என்றதும் எழுத்தாளன் என்று நினைத்து, அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் தன் கவிதை நோட்டைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பிவைத்தார். காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நோட்டில் குறிப்பதுதான் என் இலக்கியப் பணி.) உடம்பு ஐம்பது கிலோ. அதில் நாற்பது கிலோ பொறுப்புணர்ச்சி என்று எனக்கே ஓர் எண்ணம்.

எங்கள் கோயிலுக்குப் பின்புற மேட்டில் ஒரு சோலை உண்டு. அதற்குள்ளிருந்துதான் ஊற்று வருகிறது. கோயிலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கீழே எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். முந்தின வருஷக் கோடையில் மேலே புல்மேட்டில் யாரோ பீடியை அணைக்காமல் போட, தீ இறங்கி வந்து சோலையில் பாதியைத் தின்றுவிட்டது. அடுத்த மாதமே ஊற்று விரல் தடிமனுக்குச் சுருங்கியது. லைன் பெண்கள் ஒரு மைல் தள்ளியிருந்த ஓடைக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

அப்போது எங்கள் பங்குச் சாமியாராக இருந்தவர் ஃபாதர் தைரியநாதன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் இப்படிப் பேசினார்: “கடவுள் மனுஷனுக்குக் குடுத்த முதல் உத்தியோகம் எது? ராஜா வேலை இல்லை. என்னைப் போலச் சாமியார் வேலையும் இல்லை. தோட்டக் காவல். அந்த வேலையைச் சரியாப் பார்க்காமத்தான் இப்போ குடத்தைத் தூக்கிட்டு நிக்கறோம்.”

பேசியதோடு விடவில்லை. எரிந்த இடத்தில் கன்று நடவைத்தார். பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பரிகாரமாக மூன்று ஜெபத்தோடு இரண்டு கன்றுக்குத் தண்ணீர் என்று விதித்தார். யார் எத்தனை குடம் சுமக்கிறார்கள் என்பதை வைத்து யாருக்கு எவ்வளவு பாவம் என்று ஊரே ஊகம் செய்தது. (நான் நாலு குடம் தூக்கினேன். உடற்பயிற்சிக்காக என்று சொல்லிக்கொண்டேன்.)

அடுத்து வந்தது தீக்காவல். மாசியிலிருந்து சித்திரை முடியும்வரை, கோயிலுக்கு மேலே உள்ள பெரிய பாறையில் இளைஞர் சங்கத்துக்காரர்கள் இரண்டிரண்டு பேராக முறைபோட்டு உட்கார வேண்டும். புகை தெரிந்தால் கீழே ஓடிவந்து மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். மணி கேட்டதும் வேதக்காரர், இந்துக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் பச்சைத் தழை, ஈரச்சாக்கு, தண்ணீர்க் குடத்தோடு கோயில் படிக்கு வருவதாகப் பேச்சு. லைன் பெண்களுக்குத் தலைவி பழனியம்மாக்கா. முந்தின வருஷத் தீயில் ஈரச்சாக்கை வீசி ஒரு சரிவையே தனியாளாக அணைத்தவர். காலையில் நான் பெயர் கூப்பிடும்போது அவர் “ஏனுங்க” என்று குரல் கொடுத்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

ஃபாதர் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். “புகையைப் பார்த்ததும் ஓடிவராதீங்க. பத்து நிமிஷம் பாருங்க. ஒரே இடத்துல நின்னா அது அடுப்பு. நகர்ந்தா, அகலமானா, அது தீ.”

இதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவைத்தேன். கூடவே யாரும் சொல்லாமல் சேலம் போய் ஒரு விசில் வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் பாறையில் உட்கார்ந்தோம். ஒரு தீக்குச்சிப் புகைகூடத் தெரியவில்லை. ஊருக்கு இது நல்ல செய்தி. எனக்கு இல்லை. கயிற்றைப் பிடித்து மணியடிக்கிற மாதிரியும், மக்கள் திரண்டு வருகிற மாதிரியும், முடிவில் ஃபாதர் என் தோளைத் தட்டுகிற மாதிரியும் தினமும் கற்பனை செய்து பழகிவிட்டேன். (கற்பனையில் என் முகத்தில் லேசாகக் கரி படிந்திருக்கும். அது எனக்கு எடுப்பாக இருக்கும்.)

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு. அன்றைக்கு எனக்கு எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை காவல். மதியம் ஒரு மணிக்குப் பெண் பார்க்கும் படலம். பெண்ணின் அப்பா அந்தோணிசாமி, மாரமங்கலம் பக்கத்திலிருந்து எங்களுக்கு அடுத்த எஸ்டேட்டுக்கு சூப்பர்வைசராக அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். பெண் பெயர் ஸ்டெல்லா. நான் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். ஸ்டூடியோவில் ஒரு போலித் தூண்மேல் கை வைத்து, தூரத்தில் எதையோ கண்காணிப்பதுபோல எடுத்த படம். சமையலில் பிரியமுள்ள மனுஷர் என்பதால், காபியோடு நிறுத்தாமல் சாப்பாட்டுக்கே வரச் சொல்லியிருந்தார் அந்தோணிசாமி.

“இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தப் பாறை ஓடிப் போயிருமா? வேற யாரையாச்சும் போகச் சொல்லு சாமி” என்றார் அம்மா.

“காவல்னா காவல்தான்மா” என்றேன். வெள்ளை பேன்ட், நீலச் சட்டை, பளபளக்கும் பூட்ஸ், கழுத்தில் விசில் என்ற கோலத்தில் நேராகப் பாறைக்குப் போனேன். அங்கிருந்து இறங்கி, அடுத்த எஸ்டேட்டில் வழி கேட்டுக்கொண்டு அப்படியே பெண் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

எனக்கு ஜோடி சேவியர். தபால் ஆபீசில் வேலை. எதையும் முத்திரை குத்துவது போல நிதானமாகச் செய்கிற ஆள். பத்தரை மணி இருக்கும். பாறைக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களின் தலைகளுக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியது. சாம்பல் நிறத்தில், தடியாக, முறுக்கிக்கொண்டு. நான் துள்ளி எழுந்தேன். பயத்தில் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். உண்மையில் சந்தோஷத்தில்.

“தீ” என்றேன்.

சேவியர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். “அடுப்புப் புகையாட்டம் தெரியுதே. பத்து நிமிஷம் பாக்கலாம்.”

“அடுப்பு இந்தளவுக்குப் புகையுமா? அந்தப் பக்கம் ஊடு வாசலே கிடையாதே.”

“புதுசா குவார்ட்டர்ஸ் கட்டிருக்காங்கன்னு சொன்னாங்க.”

“நீ பாத்துட்டே இரு. அதுக்குள்ள சோலை போயிரும்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். முந்தாநாள்தான் நல்ல மழை. காபி பூப்பதற்கு வருகிற கோடை மழை. பாறைக் குழிகளில்கூடத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு குழியில் காலை வைத்துத்தான் நான் ஓடினேன். நனைந்த காடு எப்படி எரியும் என்று யோசிக்கிற உறுப்பு அன்று எனக்கு விடுமுறையில் இருந்தது.

மணியடித்தேன். அப்படி அடித்ததை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை. கயிறு மேலே போகும்போது நானும் இரண்டடி மேலே போய் இறங்கினேன்.

ஊர் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர் சிலிர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் ஒரே ஓய்வு நாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க உட்கார்ந்தவர் எண்ணெய் வழிய வந்தார். கன்னியர் மடத்து சிஸ்டர்கள் வாளியோடு வந்தார்கள். லைனிலிருந்து பழனியம்மாக்கா பதினைந்து பெண்களோடும் ஈரச்சாக்குகளோடும் வந்தார். ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் மண்வெட்டியோடு வந்தார்.

“எந்தப் பக்கம்?” என்றார் ஃபாதர்.

விசிலை ஊதி, கையை நீட்டி, ஓட ஆரம்பித்தேன். ரோடு வழியாகப் போனால் மூன்று வளைவு சுற்ற வேண்டும் என்று காபிச் செடிகளுக்குள் புகுந்தேன். ஈரச் செம்மண். இரண்டாவது நிமிஷம் உட்கார்ந்த நிலையில் வழுக்க ஆரம்பித்து, நான்கு வரிசைச் செடியைத் தாண்டி நின்றேன். வெள்ளை பேன்ட் பின்பக்கம் செங்கல் நிறமானது. எழுந்து மறுபடியும் விசில் ஊதினேன்.

சரிவின் அடியில் ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கம்தான் புகை.

பழனியம்மாக்கா என் தோளைப் பிடித்தார். “ரைட்டர் தம்பி, கொஞ்சம் நில்லுங்க. வாசம் வேற மாதிரி இருக்குதுங்க. பட்டை, லவங்கம் வாசமாட்டம் வருது.”

இந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். “பட்டை மரம் எரியுதுக்கா. ஊத்துங்க” என்றேன்.

முதல் பத்துக் குடம் தண்ணீர் தட்டிக்கு மேலாகப் பறந்து போனது. உஸ்ஸென்று பெரிய சத்தம். வெள்ளையாக ஆவி எழும்பியது. கூட்டத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். அப்புறம் தட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் மிகுந்த மரியாதையோடு கேட்டது:

“ஏனுங்க, யாருங்க அது?”

தட்டியை விலக்கினோம். மூன்று கல் அடுப்பு. முழுக்க அணைந்திருந்தது, அதில் குறை சொல்ல இடமில்லை. அதன்மேல் ஓர் அண்டா. மூடி திறந்து பக்கத்தில் கிடந்தது. அண்டா விளிம்பு வரைக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் பிரியாணி. மழையில் நனைந்த காபி விறகு அடுக்கிக் கிடந்தது. அத்தனை புகைக்கும் அதுதான் காரணம். அண்டாவுக்குப் பக்கத்தில் பனியனும் வேட்டியுமாக ஒருவர் கையில் கரண்டியோடு தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார்.

ஃபாதர் மூச்சு வாங்க முன்னால் வந்தார். “அந்தோணிசாமி, இது உங்க வீடா?”

அந்தோணிசாமி. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நான் மெல்லப் பின்வாங்கி, பழனியம்மாக்காவின் ஈரச்சாக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“ஆமாங்க ஃபாதர். எட்டு நாளாச்சுங்க வந்து. இன்னிக்குப் புள்ளயப் பாக்க வர்றாங்க. மாப்பிள்ளப் பையன் ரைட்டருங்களாம். நொம்பப் பொறுப்பான பையன்னு சொன்னாங்க. அதான் நானே கைப்பட சமைக்கலாம்னு…” என்று அவர் அண்டாவைப் பார்த்தார்.

ஃபாதர் பொய் சொல்லமாட்டார். அதனால் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினார். அவர் பார்த்த திசையில் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் பார்த்தார்கள். பழனியம்மாக்கா சாக்கைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டார்.

“அந்த ரைட்டர் இவருதானுங்க” என்றார். “மணி அடிச்சதும் இவரேதானுங்க.”

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். வெங்காயத் தட்டு கையில். என் பூட்ஸிலிருந்து விசில்வரை ஒருமுறை பார்த்தாள். போட்டோவுக்கும் எனக்கும் உள்ள தொடர்பைத் தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டாள்:

“முந்தாநேத்து மழை பேஞ்சுதுங்களே?”

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அதற்குப் பிறகு யாருமே அடக்கவில்லை. எண்ணெய்த் தலைக்காரர் மண்ணில் உட்கார்ந்தே சிரித்தார். சிஸ்டர்கள் வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் சேவியர் நடந்தே வந்து சேர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பத்து நிமிஷத்துக்கு மேல பாத்துட்டேன். நகரலை. அடுப்புதான்” என்று அறிவித்தான்.

சிரிக்காதவர் ஃபாதர் ஒருவர்தான். என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. “ஜோசப், பிரியாணி போனா போகுது. அடுத்த தடவை மணி அடிச்சா, இது ரைட்டரோட மணின்னு யாரும் வராம இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றார். இரண்டு மாதமாக நான் செய்த கற்பனையில் இந்த வசனம் இல்லவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தோணிசாமி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“மன்னிச்சுக்குங்க. நீங்க யாரும் இன்னிக்கு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாமுங்க. நான் அம்மாவ வர வேண்டாம்னு சொல்லீர்றேன்.”

அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசியது உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி.

“ஃபாதர், நாங்க இருந்த ஊர்ல ஊட்டுக்கு ஊடு ஒட்டிக்கிட்டு இருக்குமுங்க. இங்க காட்டுக்குள்ள தனியாக் கொண்டாந்து போட்டுட்டாரேன்னு எட்டு நாளா நான் தூங்கலீங்க. ஒண்ணுன்னா கூப்பிட்டா யாரு வருவாங்கன்னு இவர்கிட்ட சண்டை. இப்ப, கூப்பிடாமயே இத்தனை பேரு வந்துட்டீங்க.”

ஸ்டெல்லா வாசலிலிருந்து சொன்னாள். “மணி கேட்டப்ப நான் கடியாரத்தப் பாத்தனுங்க. வந்து சேர கால் மணி நேரங்கூட ஆகலீங்க. நெசமாவே எரிஞ்சிருந்தாலும் ஊடு தப்பிச்சிருக்கும்.”

ஃபாதரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். “கால் மணி நேரமா?” என்று மறுபடி கேட்டார். கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்புக்கு நடுவில் கொஞ்சம் பெருமையும் வந்து உட்கார்ந்தது. முந்தின வருஷம் ஆள் சேர ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதற்குள் பழனியம்மாக்கா அண்டாவுக்குள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்திருந்தார். “கறி வெந்துதானுங்க இருக்குது. தண்ணி ஜாஸ்தி, அவ்வளவுதான். இன்னும் அரிசி போட்டம்னா செரியாப் போயிருமுங்க. நாமளும் இத்தனை பேரு இருக்கறம்ல.”

அதன்பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. சிஸ்டர்கள் மடத்திலிருந்து அரிசி கொண்டுவந்தார்கள். லைனிலிருந்து தக்காளியும் பூண்டும் காய்ந்த விறகும் வந்தன. பூசைக்கு வந்தவர்களும், மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்களும் ஒரே அடுப்பை ஊதினார்கள். நான் அணைத்த அடுப்பை என்னையே பற்றவைக்கச் சொன்னார்கள். மூன்று தீக்குச்சி வீணானது. (“தீன்னா இவருக்கு ஆவறதில்லீங்க” என்றார் எண்ணெய்த் தலைக்காரர்.)

சரியாக ஒரு மணிக்கு அம்மா பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு, சித்தப்பா சித்தியோடு ரோட்டு வழியாக வந்து சேர்ந்தார். பெண் வீட்டில் நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பங்குச் சாமியார் பரிமாறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்பக்கம் செம்மண் பேன்ட்டோடு குனிந்து, காலியான அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்தார்.

“என்ன கண்ணு பண்ணுன?” என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எட்டுப் பேர் போட்டி போட்டார்கள்.

அண்டா தேய்த்த இடம் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. உள்ளே அந்தோணிசாமி மகளிடம் தணிந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது.

“உனக்கு இஷ்டமில்லீனா சொல்லீரு கண்ணு. நான் பக்குவமாப் பேசி அனுப்பீர்றேன்.”

நான் தேய்ப்பதை நிறுத்தினேன்.

“தீன்னு நெனச்சுட்டும் அதுக்கு நேராத்தானுங்கப்பா ஓடி வந்தாரு. வேற பக்கம் ஓடல. அறிவு கொஞ்சம் கம்மியாட்டம் தெரியுது. அதை நான் பாத்துக்கறேன்.”

வைகாசியில் கல்யாணம். சொன்ன வேலையை இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபாதரின் பயத்துக்குப் பதில் கல்யாணத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. சித்திரைக் கடைசியில் மேல் புல்மேட்டில் நிஜமாகவே தீ. சேவியர் பத்து நிமிஷம் பார்த்து, நகர்கிறது என்று உறுதி செய்துகொண்டு மணியடித்தான். முன்பைவிட அதிகம் பேர் வந்தார்கள். சோலை எல்லைக்கு முன்னாலேயே தீயை அடித்து அணைத்தார்கள். நட்ட கன்றுகளில் ஒன்றுகூடக் கருகவில்லை. பழனியம்மாக்காவும் ஸ்டெல்லாவும் ஒரே சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் தழையோடு சாப்பாட்டுத் தட்டும் கொண்டுவந்திருந்ததைக் குறிப்பிடாமல் விட்டால் வரலாறு என்னை மன்னிக்காது.

அந்தத் தட்டுக்காரர்களை ஏமாற்றக் கூடாது என்று ஃபாதர் அடுத்த வருஷமும் ஒரு அண்டா வைக்கச் சொன்னார். அது வழக்கமாகிவிட்டது. தீக்காவல் முடிகிற ஞாயிறன்று சோலைக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. பெயர் மணிச்சோறு. பிரியாணிதான், ஆனால் தண்ணீர் கொஞ்சம் தூக்கலாக, குழைவாக இருக்க வேண்டும். சரியான பதத்தில் இறக்கினால் ஆட்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஸ்டெல்லாவே கடைசியில் ஒரு சொம்பு ஊற்றுத் தண்ணீரை விடுவாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஃபாதர் தைரியநாதன் மாற்றலாகிப் போய், அப்புறம் எத்தனையோ பேர் வந்து போனார்கள். சமீபத்தில் வந்த சாமியார் இளைஞர், நிறையப் படித்தவர். முதல் மணிச்சோறு அன்று உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். நம் முன்னோர்கள் ஆழ்ந்த அர்த்தத்தோடுதான் இந்த உணவில் நீரை மிகுதியாக வைத்தார்கள், சோறு நிலத்தின் கொடை, நீர் ஊற்றின் கொடை, இரண்டும் ஒன்றாய்க் கலப்பதே இறைவனின் படைப்பு என்றார். முன் வரிசைகளில் வயதானவர்களின் தோள்கள் குலுங்கின. பக்தியில் அழுகிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் பத்து நிமிஷம் நீட்டினார்.

“ஏனுங்க, எந்திரிச்சுச் சொல்லீரட்டுமா?” என்றாள் ஸ்டெல்லா என் காதில்.

“வேண்டாம். நல்லாத்தான் பேசறாரு” என்றேன்.

பந்தியில் அவர் பழனியம்மாக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், குரல் மந்தமில்லை. “பாட்டிம்மா, இந்த வழக்கத்தைத் தொடங்கிவைச்ச முன்னோர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று சாமியார் பணிவோடு கேட்டார்.

“தெரியுமுங்க சாமி” என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் பழனியம்மாக்கா. “அந்த முன்னோரு உசுரோடதான் இருக்காருங்க. அதா, தயிர்ப் பச்சடி வாளியத் தூக்கிட்டு ஒளிஞ்சு நிக்கறாரு பாருங்க.”